முட்டியை மாற்றுபவர் யார்?

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் அறுபதைத் தாண்டிய பெண்கள் பலருக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. தக்காளிக்கும் மரவள்ளிக்கும் களை எடுத்தது, விடியும் முன்னே பூந்தோட்டத்தில் குனிந்து பூப் பறித்தது, தலையில் குடத்தோடு மேடு ஏறியது எல்லாம் கடைசியில் முட்டியில் வந்து நிற்கின்றன. இதோடு இந்த மாவட்டத்துக்கென்றே இன்னொரு கேடும் இருந்தது. இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை வந்தது, முதுகும் மூட்டும் இறுகின. அதற்காகவே 2008இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் கிணற்றுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் குடித்து வளர்ந்த உடம்புகள்தான் இப்போது மூட்டு மாற்று அறுவைக்கான வயதை எட்டியிருக்கின்றன.

அறுவை செய்துகொள்ள இன்று இடத்துக்குப் பஞ்சம் இல்லை. தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நெடுஞ்சாலையில் தெற்கே போனால் தொப்பூர் கணவாயைக் கடந்து சேலம், வடக்கே போனால் பெங்களூரு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றுக்கும் இடம் உண்டு. பணத்துக்கு வழி இருக்கிறது, போக வண்டி இருக்கிறது, படுக்கை இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் அறுத்தெடுத்துவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தப்போகிறவர் யார் என்பதை நோயாளியின் குடும்பம் பெரும்பாலும் தெரிந்துகொள்வதே இல்லை. ஆஸ்பத்திரியின் பெயர் தெரியும். கட்டடம் எத்தனை மாடி என்பது தெரியும். டாக்டர் பெயர் பாதிதான் தெரியும்.

தேர்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இலவச மூட்டுவலி முகாம் என்று ஒரு நோட்டீஸ் வருகிறது. அங்கே ஒரு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 'மூட்டு தேய்ஞ்சு போச்சு, மாத்தணும்' என்று சொல்லித் தேதியும் தருகிறார்கள். அல்லது பக்கத்து ஊர்ச் சம்பந்தி ஓர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு நன்றாக நடக்கிறார் என்ற பேச்சு போதுமானதாக இருக்கிறது. சம்பந்தி நடப்பது நல்ல அறிகுறிதான், அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குச் செய்தவரே நமக்கும் செய்வாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொன்னால், "அவ்ளோ பெரிய டாக்டருங்க, அவரைப் போயி என்ன படிச்சீங்கன்னு கேக்க முடியுமா?" என்ற பதில் வரும். இந்தத் தயக்கத்தில் மரியாதை இருக்கிறது, பயமும் இருக்கிறது. கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுவாரோ என்ற அந்தப் பயத்துக்குக் காரணம் நோயாளிகள் அல்லர். கேட்டவர்களிடம் எரிந்து விழுந்த மருத்துவர்கள்தான் அதை உண்டாக்கினார்கள்.

பெயர்ப் பலகையில் இருக்கும் எழுத்துகளை முதலில் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். அடிப்படைப் பட்டம். அதை முடித்தவர் மருத்துவர்தான், ஆனால் எலும்பு மருத்துவ நிபுணர் ஆகிவிடவில்லை. அதன்பின் மூன்று ஆண்டு படித்தால் எம்.எஸ். ஆர்த்தோ. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. ஆர்த்தோவும் அதற்கு இணையானது. டி.ஆர்த்தோ என்பது இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. புதிதாக வருவோரில் இது குறைந்துவிட்டாலும், பழைய தலைமுறையில் பலர் இதைப் படித்துவிட்டு நீண்ட அனுபவத்தோடு நல்ல வைத்தியம் செய்துவருகிறார்கள். மூட்டு மாற்றுக்கென்று சிறப்பாகப் பயின்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டங்களுக்குப் பிறகு ஃபெலோஷிப் என்ற பெயரில் ஒரு மூத்த அறுவை நிபுணரின் கீழ் வேலை பழகியிருப்பார்கள்.

அந்த ஃபெலோஷிப் என்ற ஒரே சொல்லுக்குள் ஓராண்டு, ஈராண்டுப் பயிற்சியும் அடங்குகிறது, ஓரிரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வாங்கிய சான்றிதழும் அடங்குகிறது. பலகையில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். வெளிநாட்டுப் பட்டங்களிலும் இதே குழப்பம் உண்டு. இங்கிலாந்தின் எம்.ஆர்.சி.எஸ். அங்கே அறுவைப் பயிற்சியின் தொடக்க நிலையில் எழுதும் தேர்வு. எலும்பு அறுவைப் பயிற்சி முடியும் கட்டத்தில் அத்துறைக்கென்றே எழுதும் எஃப்.ஆர்.சி.எஸ். வேறு, அது கடினமானது. சில எழுத்துகள் ஒரு சங்கத்தில் உறுப்பினர் என்பதை மட்டும் சொல்லும். நோயாளிக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எங்கே, எத்தனை மாதம் பயின்றீர்கள் என்று கேட்க மட்டும் தெரிந்தால் போதும். உண்மையாகப் பயின்றவர் அந்த ஊரையும் ஆசிரியரின் பெயரையும் மகிழ்ச்சியோடு சொல்வார்.

சட்டம் இதில் நோயாளியின் பக்கம்தான் நிற்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், எழுதித் தரும் மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், ரசீதிலும் காட்ட வேண்டும் என்கின்றன. ஒரு துறையில் சிறப்புத் தகுதி இல்லாதவர் அந்தத் துறையின் நிபுணர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கமிஷன் தருவதும் பெறுவதும் கூடாது. கவுன்சிலின் இடத்தில் 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023இல் கொண்டுவந்த புதிய விதிகள் சில வாரங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிகளே தொடர்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும் ஆணையத்தின் பதிவேட்டிலும் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். கல்லூரியில் படிக்கும் பேத்தி கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள். மேற்படிப்பைப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்ட நல்ல மருத்துவர்களும் இருக்கக்கூடும். அங்கே எம்.எஸ். காணவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பெயரே பதிவேட்டில் இல்லாதவரின் கையில் எந்த மூட்டையும் கொடுக்கக் கூடாது. தாம் பயிலாத மருத்துவ முறையில் வைத்தியம் செய்வதே கவனக்குறைவு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பூனம் வர்மா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. புத்தூர் கட்டு என்று பலகை மாட்டியவரிடம் முட்டி வலிக்கு மாதக்கணக்கில் எண்ணெய்க் கட்டுப் போட்டு, மாத்திரையும் ஊசியும் வாங்கிக்கொள்பவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும்.

பட்டம் சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. மூட்டு மாற்றின் வரலாறே அதற்குச் சாட்சி. இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி வகுத்தவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் இறுதியில் அவர் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். முதலில் நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அப்படி ஆயிற்று. அவர்களுக்கான மறு அறுவைகளைச் சார்ன்லி தாமே முன்னின்று செய்தார். 1962 நவம்பரில் வேறொரு உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் அவருடைய முறை நிலைத்தது. அதன் பிறகும், ரைட்டிங்டனுக்கு வந்து தம்மிடம் பயிலாத அறுவை நிபுணர்களுக்கு அந்த மூட்டைக் கொடுக்கக் கூடாது என்று சில ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தார். அவரிடம் மூட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றவர்கள்தான். இந்த ஒரு வேலையில் அவர்களுக்குக் கை பழகியிருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

அவர் உள்ளுணர்வால் அறிந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் எண்களில் காட்டின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆண்டுக்கு 35 இடுப்பு மூட்டு மாற்றுக்கு மேல் செய்யாத நிபுணர்களிடம் போனவர்களுக்கு மூட்டு நழுவுவதும் மறு அறுவை தேவைப்படுவதும் கூடுதலாக இருந்தன. 35 என்ற எண்ணை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது, முழங்காலுக்கும் அது அளவுகோல் ஆகாது. ஆனாலும் "வருஷத்துக்கு எத்தனை முட்டி செய்யறீங்க ஐயா?" என்பது அறிவியல் அடிப்படை உள்ள கேள்வி. எலும்பு முறிவில் கைதேர்ந்த ஒருவர் மூட்டு மாற்றை எப்போதாவதுதான் செய்பவராக இருக்கலாம். விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் பக்கத்திலேயே இருக்கும்போது, இந்தப் பகுதியின் எலும்பு மருத்துவர்களுக்கு முறிவு வேலையே நிறைய இருக்கும். அந்தத் திறமையை மதித்துக்கொண்டே இந்தத் திறமையைத் தனியாக விசாரிக்கலாம்.

தர்மபுரிக்காரர்கள் சேர்த்துக் கேட்க வேண்டியது இன்னொன்று. ஃப்ளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் நொறுங்கும் தன்மை கொண்டது. தசைநார்களிலும் சுண்ணாம்பு படிந்து மூட்டு இறுகியிருக்கும். வலிக்குக் காரணம் தேய்மானமா, ஃப்ளோரைடா, இரண்டுமா என்பதைத் தீர்மானித்த பிறகே கத்தி வைக்க வேண்டும். முதுகெலும்பு இறுகிக் கால் மரத்துப்போயிருப்பவருக்கு முட்டியை மாற்றினால் பாதி வேதனை அப்படியே இருக்கும். பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு நிபுணருக்கு நோயாளி எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார் என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட எலும்பில் செய்த அனுபவம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

ரோபோ அறுவை என்ற விளம்பரத்தை நம்பி ஓடுவோருக்கு ஒன்று சொல்லலாம். கருவி எலும்பை அறுக்கும் கோணத்தைக் கணக்கிட்டுத் தரும். யாருக்கு அறுவை வேண்டாம் என்பதை அது சொல்லாது. மூட்டு தேய்ந்த எல்லோருக்கும் மாற்ற வேண்டியதில்லை. எடை குறைப்பும், தொடைத் தசைப் பயிற்சியும், ஊன்றுகோலும் பலருக்குப் பல ஆண்டுகளை வாங்கித் தருகின்றன. 'இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்' என்று சொல்லக்கூடிய மருத்துவரை நான் அதிகம் நம்புவேன்.

அறுவை நிபுணர் ஒருவர் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. சிறு நகரங்களில் நிலவும் வழக்கம் ஒன்றை எல்லோரும் அறிவார்கள். பெரிய ஊரிலிருந்து நிபுணர் காரில் வருகிறார், வரிசையாக அறுவைகளைச் செய்கிறார், மாலையில் திரும்பிவிடுகிறார். இதில் தவறில்லை. வராவிட்டால் நம் ஊரில் அந்த வைத்தியமே இருக்காது. ஆனால் அன்று இரவு கால் வீங்கினால், பாதம் சில்லிட்டால், மூச்சுத் திணறினால் யார் பார்ப்பார்கள்? மயக்க மருந்து கொடுத்தவர் யார், அவர் எவ்வளவு நேரம் இருப்பார்? மூன்றாம் நாள் புண்ணில் நீர் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது? 2022 நவம்பரில் சென்னையில் கால்பந்து வீராங்கனை பிரியாவுக்கு நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. பதினேழு வயது. பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு அறுவை நடந்தது. அதன்பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை, நவம்பர் 15 அன்று இறந்தார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அது மூட்டு மாற்று அறுவை இல்லை. ஆனாலும் முழங்காலில் கத்தி வைத்த பிறகு வரும் மணி நேரங்கள் எவ்வளவு பொறுப்பானவை என்பதற்கு அந்தப் பெண்ணின் மரணத்தைவிட வேறு சான்று வேண்டாம்.

ஒப்புதல் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் அறுவைக்கு மகன் கையெழுத்துப் போடுகிறான், அம்மா படுத்திருக்கிறாள். 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சுயநினைவும் உரிய வயதும் உள்ள நோயாளியின் ஒப்புதலைத்தான் பெற வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது உறவினர் தரும் ஒப்புதல் அதற்கு ஈடாகாது. என்ன செய்யப்போகிறார்கள், ஏன், வேறு வழி என்ன, ஆபத்து என்ன என்பதை நோயாளிக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். புரியும்படி என்றால் நல்லம்பள்ளித் தாய்க்குத் தமிழில். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்பவரின் பெயரும் அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். தியேட்டருக்குள் போனபின் ஆள் மாறினால், யார் செய்தது என்று காட்டும் முதல் ஆதாரம் அதுதான். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் 2002 விதிகளில் உள்ளது.

இவ்வளவையும் ஒரு விவசாயக் குடும்பத்தின் தலையிலேயே கட்டிவிடுவது சரியா? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. அரை ஏக்கர் வாங்குவதற்கு முன் இங்கே எவரும் வில்லங்கச் சான்று எடுக்காமல் இருப்பதில்லை. முப்பது ஆண்டுக் கைமாற்றத்தைப் படித்துப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்கிறார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் மட்டும் அது முடியவில்லை. பதிவுத் துறை ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதி வைத்து, கேட்டவருக்குக் காட்டுவதால் முடிகிறது. உடம்புக்குள் வைக்கும் மூட்டுக்கும் அதை வைத்தவருக்கும் அப்படி ஒரு பொதுப் பதிவேடு நம்மிடம் இல்லை.

மற்ற நாடுகளில் இருக்கிறது. சுவீடன் 1975லேயே முழங்கால் மாற்றுகளைப் பதியத் தொடங்கியது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு 2003இல் வந்தது. 2013 முதல் அறுவை நிபுணர்கள் வாரியான விவரங்களையும் வெளியிட்டு வருகிறது. பதிவேடு நோயாளிகளைக் காக்கும் என்பதற்கு டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு எடுத்துக்காட்டு. அது அளவுக்கு மீறிப் பழுதாவதை ஆஸ்திரேலியப் பதிவேடு முன்கூட்டியே காட்டியதால் 2009இல் அங்கே விற்பனை நின்றது. உலக அளவில் 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பயன்பட்டிருந்தது. ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோரை அரசு அமைத்த குழுவால் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் அறுவை நிபுணர்களின் சங்கம் 2006 முதல் ஒரு பதிவேட்டை நடத்துகிறது. அது விரும்பியவர் தகவல் தரும் ஏற்பாடு. அதைப் பார்த்து ஒரு நோயாளி தன் மருத்துவரைத் தெரிந்துகொள்ள முடியாது.

அரசு நினைத்தால் முடியாததில்லை. 2017 ஆகஸ்ட் 16 அன்று முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஒரே ஆணையில் அது நடந்தது. பொருளின் விலை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதைப் பொருத்துகிறவரின் அனுபவக் கணக்கு மட்டும் இன்னும் மூடிய அறைக்குள் இருக்கிறது.

ஆகவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது இது. காப்பீட்டுத் திட்டத்தில் பணம் தரும் ஒவ்வொரு மூட்டு மாற்றுக்கும் செய்த மருத்துவரின் பெயர், பதிவு எண், பொருத்திய மூட்டின் நிறுவனமும் தொகுதி எண்ணும், பின்னர் மறு அறுவை தேவைப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றைப் பதிவது கட்டாயமாக வேண்டும். நோயாளிகளின் பெயரை மறைத்து, மாவட்டம்தோறும் அதைத் தமிழில் வெளியிட வேண்டும். கடினமான நோயாளிகளை ஏற்பவரின் கணக்கு மோசமாகத் தெரியும் என்று மருத்துவர்கள் அஞ்சுவது நியாயமே. வயதையும், சர்க்கரை நோயையும், எலும்பின் நிலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒப்பிடும் முறைகள் மற்ற நாடுகளில் பழக்கத்தில் உள்ளன. நம்மாலும் முடியும்.

அது வரும்வரை, அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப்போகும் பிள்ளைகளே, தாழ்ந்த குரலில் மரியாதையோடு இவற்றைக் கேளுங்கள்: "ஐயா, ஆபரேஷன் நீங்களேதான் செய்வீங்களா? இதுக்குன்னு தனியா எங்க பழகினீங்க? வருஷத்துக்கு எத்தனை செய்யறீங்க? ராத்திரி யாரு பார்த்துக்குவாங்க?" அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். பதிலை அவரும் கேட்கட்டும். வீடு திரும்பும்போது மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளை வாங்கி, பட்டாவும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற மருத்துவரிடம் உங்கள் தாயின் முட்டியை ஒப்படைக்காதீர்கள்.